மூன்றாம் நாள் வந்த அருள்

“எப்போ ஆச்சு?” என்று மருத்துவர் கேட்டார். இளவரசியைவிட அவருக்கு இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும்.

“காலைல சார். வாசல்ல மூஞ்சி கழுவினு இருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு. கையும் காலும் இழுத்துக்கிச்சு. மத்தியானம் திரும்பவும் வந்துது.”

“இதுக்கு முன்னாடி வலிப்பு வந்ததுண்டா?”

“இல்ல சார்.”

“சக்கரை, பிரஷர்?”

“ஒண்ணும் இல்ல.”

“சாப்பாடு ஒழுங்கா சாப்பிட்டாரா?”

“விரதம் சார். மூணு நாளா ஒருவேளதான். மோரு மட்டும் குடிப்பாரு.”

“குடிப்பழக்கம் உண்டா?”

“இல்ல.”

“எப்பவாச்சும்? கல்யாணம், கருமாதின்னா?”

இளவரசி அப்பாவின் வலது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு.

“காப்பு கட்டிக்கினு இருக்காரு சார். வர்ற வெள்ளிக்கிழம தீ மிதிக்கணும்.”

மருத்துவர் காப்பைப் பார்த்தார். பிறகு சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். மது அருந்தாதவர். எழுத்து தலைகீழாகத் தெரிந்தும் இளவரசியால் படிக்க முடிந்தது. பின்னால் நின்ற அம்மா அமுதம், யாருக்கும் தெரியாமல் மகளின் முழங்கையைப் பிடித்து ஒரு முறை அழுத்தினாள். நன்றாகச் சொன்னாய் என்று அர்த்தம்.

ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. அந்தப் பேச்சை வரிசை மாறாமல் இன்றும் அவளால் ஒப்பிக்க முடியும். கேள்விகளை மறந்தாலும் மறப்பாள், முழங்கையில் பட்ட அந்த அழுத்தத்தை மறக்க மாட்டாள்.

இளவரசியின் அப்பா சம்மந்தத்துக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. வில்லியனூரிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர் போனால் அவர்கள் ஊர். இரண்டு காணி கரும்பு, ஒரு காணி நெல். கரும்பு விஷயத்தில் அவர் சொல்லுக்கு ஊரில் மரியாதை உண்டு. ஒரு கழியை ஒடித்து, கணுவுக்குக் கணு கடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நாள் போகட்டும் என்பார். பத்து நாள் பொறுத்தவர்களுக்கு எடை கூடி நின்றிருக்கிறது. வெட்டு ஆட்களிடம் குரல் உயர்த்தியதில்லை. வீட்டில் கை நீட்டியதில்லை.

பத்து வருடமாகக் குடித்தார். காலையில் எழுந்ததும் கை நடுங்கும். காபி டம்ளரை வாய்க்குக் கொண்டு போனால் விளிம்பு பல்லில் பட்டுக் கடகடவென்று சத்தம் கேட்கும். மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று கொல்லைக்குப் போவார். மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் பாட்டில் இருக்கும். திரும்பி வரும்போது கை நின்றிருக்கும், முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்கும். அப்புறம் நாள் முழுக்க அவ்வப்போது மோட்டார் போடப் போவார். யார் வந்து கேட்டாலும் அமுதம் அதையே சொல்லுவாள்: “மோட்டார் போடப் போயிருக்காரு.”

குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவன் குடும்பத்துக்குத்தான் ஊரில் கெட்ட பெயர் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் இளவரசியின் காதில் விழுந்தது.

“ஊரே கரண்ட் இல்லாம கெடக்குது. சம்மந்தண்ணன் மோட்டார் மட்டும் எப்பிட்றா ஓடுது?”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவள் வராத பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூலக்குளத்தில் ஒரு பொதுச் சேவை மையத்தில் அவளுக்கு வேலை. வருமானச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் அட்டைத் திருத்தம், காப்பீட்டு அட்டை. ஆங்கிலத்திலும் தமிழிலும் பிழையில்லாமல் நிரப்புவாள். அவள் நிரப்பிய விண்ணப்பம் திரும்பி வந்ததில்லை என்று மையத்துக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமை அவளுக்கும் கொஞ்சம் இருந்தது.

ஒரு முறை அவர்கள் ஊரிலிருந்தே, பின் தெருப் பவுனம்மாள் வந்தாள். வரிசையில் நின்று, முறை வந்ததும் கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்குள் வாயை வைத்து ஏதோ முணுமுணுத்தாள். இளவரசிக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை பாதி கேட்டது.

“யாருக்கு அத்த? ஒங்க புள்ள ராமுவுக்கா? குடிய நிறுத்தற வைத்தியத்துக்கா சான்று?”

வேலை வேகத்தில் வந்த சாதாரணக் குரல்தான். ஆனால் வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். பவுனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இளவரசி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்த அவளே அப்படிக் கேட்டுவிட்டாள்.

ஆனி மாதம் பாகூர்ப் பக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. தீமிதி முடியட்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அப்பாவின் அண்ணன் சிங்காரவேலு, கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர், ஒரு நாள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

“வர்றவன் மோந்து பாத்தா பத்தாதா? இவன இப்படியே வுடக் கூடாது.”

“ஆஸ்பத்திரில இதுக்குன்னு வார்டு இருக்குது பெரிப்பா,” என்றாள் இளவரசி.

“இருக்கும். நம்ம வூட்டுப் பேர அங்க எழுதிக் குடுத்துட்டு வரணுமா? அம்மன் கயித்தக் கட்டு. காப்பு கட்டினவன் எவனாச்சும் குடிச்சிக்கிறானா இந்த ஊர்ல? எட்டு நாள் தாண்டினான்னா அப்பிடியே வுட்டுடுவான்.”

ஊர் வழக்கம் அதுதான். திரௌபதி அம்மன் தீமிதிக்குக் காப்பு கட்டினால் கறி, மீன், சாராயம் எதையும் தொடக் கூடாது. ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. சும்மா நிறுத்து என்றால் நிறுத்தாதவர்கள்கூடக் காப்புக்குப் பயந்து நிறுத்துவார்கள். செலவும் இல்லை. வெளியே தெரிந்தால் பெருமைதான்.

சம்மந்தம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாப்பாவுக்காகக் கட்டிக்கிறேண்ணா,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பூசாரி காப்புக் கட்டினார். அன்றைக்கு முழுக்க சம்மந்தம் வேர்த்துக் கொட்டினார். சனிக்கிழமை மோர்ச் சொம்பைப் பிடிக்க முடியவில்லை. அமுதம் வாயில் ஊற்றினாள். கண் மூடவில்லை. மூலையில் யாரோ நிற்கிறார்கள் என்றார். இதெல்லாம் விரதத்தின் சூடு என்று அமுதம் சொன்னாள். இளவரசி மறுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு சாயங்காலம், கோயில் முன்னால் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். காப்புக் கட்டிய ஆண்கள் ஈர வேட்டியோடு வரிசையில் நின்றார்கள். சம்மந்தத்தின் உடம்பு ஆடத் தொடங்கியது. முதலில் கை, பிறகு தோள், பிறகு தாடை. கண் யாரும் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்தது. யாரோ குலவை போட்டார்கள். “அருள் வந்துட்டுது, தண்ணி ஊத்து” என்றார் சிங்காரவேலு. குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கையில் வேப்பிலையைக் கொடுத்தார்கள்.

பவுனம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் மண்டியிட்டாள்.

“தாயே, எம் புள்ள ராமு குடிய எப்ப வுடுவான்? ஒரு வார்த்த சொல்லும்மா.”

சம்மந்தத்தின் பற்கள் ஒன்றோடொன்று மோதின. “கட்டு,” என்றார். “காப்பு கட்டு. காப்பு... எறங்கிடும். எல்லாம் எறங்கிடும்.”

பவுனம்மாள் ஈர மண்ணில் நெற்றியை வைத்து விழுந்தாள்.

இளவரசிக்குத் தெரிந்துவிட்டது. அந்த நடுக்கம் பம்பைக்கு ஆடவில்லை. பம்பை நின்ற பிறகும் நிற்கவில்லை. தினமும் காலையில் டம்ளர் விளிம்பில் கேட்ட அதே கடகடப்புதான் அது. மோட்டார் கொட்டகைக்குப் போக முடியாததால் உடம்பு முழுக்க ஏறி வந்திருக்கிறது. தெரிந்தும் அவள் எல்லோரோடும் சேர்ந்து கைகூப்பினாள். டீக்கடைப் பெஞ்சுக்காரர்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அமுதம் தலையை நிமிர்த்தி நடந்தாள். அம்மா அப்படி நடந்து அவள் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்பதுகூட நல்ல சொல்லாகத்தான் படுகிறது. அவளுக்கும் அது பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

திங்கள் காலையில் வலிப்பு வந்தது. ஆட்டோவைக் கூப்பிட இளவரசி போனை எடுத்தபோது சிங்காரவேலு தடுத்தார்.

“காப்பு கட்டினவன எல்ல தாண்டிக் கூட்டினு போவாத. அம்மன் ஏறினத ஒடம்பு தாங்கல, அவ்ளோதான். துன்னூறு போடு.”

திருநீறு போட்டுக்கொண்டு மத்தியானம் வரை இருந்தார்கள். இரண்டாவது வலிப்பில் நாக்கைக் கடித்து ரத்தம் வந்த பிறகுதான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கேதான் மருத்துவர் அந்தக் கேள்விகளைக் கேட்டார். அவள் அந்தப் பதில்களைச் சொன்னாள். பட்டினியால் வந்தது என்று எடுத்துக்கொண்டு குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

செவ்வாய்க்கிழமை சம்மந்தத்துக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. படுத்தபடியே இரண்டு கையையும் மேலே தூக்கி, குளுக்கோஸ் மாட்டிய கம்பியிலிருந்து எதையோ பிடித்துப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வார்டு நர்ஸ் சகாயராணி கட்டிலருகே வந்து சிறிது நேரம் சும்மா நின்று பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். கடலோரக் குப்பத்துப் பேச்சு.

“உங்கப்பா இன்னா வேல செய்யறாரு?”

“விவசாயம் சிஸ்டர். கரும்பு.”

“இப்ப இன்னா செய்யறாரு?”

இளவரசி பார்த்தாள். “சோகை உரிக்கிறாரு,” என்றாள். கரும்பில் காய்ந்த தோகையை உரித்து எடுக்கிற அதே கைவீச்சு.

“எங்கப்பா வலை பின்னுவாரு. இதே மாதிரி கட்டில்ல படுத்துக்கினு. ஊசியும் இருக்காது, நூலும் இருக்காது. அவரு பாட்டுக்குப் பின்னினே இருப்பாரு.” சகாயராணி குரலைத் தாழ்த்தினாள். “எத்தன வருசமா குடிக்கிறாரு?”

அமுதம் எழுந்து வந்தாள். “அதெல்லாம் இல்லம்மா. அவரு அம்மனுக்கு...”

“நான் ஒண்ணும் உங்க ஊர்ல வந்து தண்டோரா போட மாட்டேன்கா. சீட்டுல குடிக்காதவருன்னு இருக்குது. அத நம்பித்தான் மருந்து ஏறுது. பொண்ணு, நீ சொல்லு. எப்ப நிறுத்தினாரு?”

இளவரசி அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். “பத்து வருசமா சிஸ்டர். தெனம். வெள்ளிக்கிழம காலைல நிறுத்தினாரு.”

சகாயராணி நடந்து போகவில்லை, ஓடினாள். அதே இளம் மருத்துவர் வந்தார். எழுதிய வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். குடிப்பவர்களுக்கு முதலில் ஒரு வைட்டமின் ஊசி போட வேண்டும், அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ், என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. காப்பை எடுக்க வேண்டும் என்றாள் சகாயராணி.

“அறுக்காத,” என்றாள் அமுதம். “தெய்வக் குத்தம் ஆயிடும்.”

இளவரசி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கத்தரி ஒரே முறை அசைந்தது. கயிற்றையும் மஞ்சள் துண்டையும் அமுதம் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

ஐந்து நாளில் புத்தி தெளிந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. கட்டிலை விட்டு இறங்கி நின்றபோது கால்களை அகட்டி வைத்து, படகில் நிற்பவர்போல் தடுமாறினார். கொஞ்சம் சரியாகும், முழுக்க ஆகுமா என்று சொல்ல முடியாது என்றார்கள். ஊசி ஒரு நாள் முன்னால் போட்டிருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. அவளே போனில் ஆங்கிலத்தில் தேடிப் படித்தாள். படித்ததை வீட்டில் யாருக்கும் தமிழில் சொல்லவில்லை.

உயிர் தப்பியாயிற்று, இனி குடியை நிறுத்தும் வைத்தியம் வேண்டும். சிங்காரவேலு தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு விடுதியைக் கண்டுபிடித்து வந்தார். இளவரசியும் கூடப் போனாள். வழியில் புதுச்சேரி என்று ஓர் எல்லைப் பலகை, தமிழ்நாடு என்று ஒரு பலகை, மறுபடி புதுச்சேரி என்று ஒரு பலகை என்று மாறி மாறி வந்து, கடைசிப் பலகையைத் தாண்டி ஒரு மாடி வீடு. ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை. மாதம் பதினெட்டாயிரம், குறைந்தது மூன்று மாதம்.

“நாங்களே வண்டி அனுப்பித் தூக்கிக்குவோம் சார்,” என்றார் அங்கிருந்தவர். “ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. கேரளாவுக்குக் கால் வைத்தியத்துக்குப் போயிருக்காருன்னு சொல்லிக்குங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

“டாக்டர் எப்போ வருவாரு?” என்று இளவரசி கேட்டாள்.

“போன்லயே இருப்பாரும்மா.”

வெளியே வந்ததும் சிங்காரவேலு சொன்னார்: “பணத்த நான் போடறேன். பாகூர்க்காரன் காதுக்குப் போவாம இருந்தா சரி. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் சரி என்றுதான் சொல்ல இருந்தாள். அதை மறைக்க வேண்டியதில்லை. யாருக்கும் தெரியாது என்ற சொல் அவ்வளவு இதமாக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த விண்ணப்பத்தைப் பழக்க தோஷத்தில் மேலிருந்து கீழாகப் படித்தாள். அழைத்து வருபவர் பெயர், உறவு, கையெழுத்து. பணம் கட்டுபவர் கையெழுத்து. சாட்சி கையெழுத்து. திருப்பிப் பார்த்தாள். நோயாளி கையெழுத்துப் போட ஓர் இடமும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சகாயராணியிடம் கேட்டாள். போதை மீட்பு வார்டுக்கும் ஒரு படிவம் இருந்தது. அதில் முதல் கையெழுத்தே நோயாளியுடையது. படுக்கைக்குப் பணம் இல்லை. இரண்டு வாரம் வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய ஒரு மாத்திரையை வெளியில்தான் வாங்க வேண்டும். அதற்கு ஓர் அறக்கட்டளை உதவுகிறது, ஆனால் வருமானச் சான்று கேட்பார்கள் என்றாள்.

“சீட்டுல இன்னா எழுதுவாங்க சிஸ்டர்?”

“இருக்கறத எழுதுவாங்க.”

சம்மந்தம் இரண்டு விண்ணப்பங்களையும் கையில் வாங்கி, வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு வார்டுப் படிவத்தைக் கட்டிலில் வைத்து, இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினார். எழுத்துகள் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் போயின.

வீட்டில் இருப்பது மஞ்சள் ரேஷன் அட்டை. தாத்தா பெயரில் இன்னும் பிரிக்காத நிலம் இருப்பதால் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கான சிவப்பு அட்டை கிடைக்கவில்லை. அதனால் வருமானச் சான்று இல்லாமல் ஒன்றும் நடக்காது. இளவரசி தன் மையத்தில், தன் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவுக்காக விண்ணப்பத்தைத் திறந்தாள். எதற்காக என்ற கட்டம் வந்தது. மருத்துவ உதவி என்று எழுதினால் போதும், பலருக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் அறக்கட்டளைக்காரர்கள் காரணத்தைத் தெளிவாகக் கேட்டிருந்தார்கள். குடிநோய்ச் சிகிச்சை என்று தட்டச்சு செய்தாள். அச்சு எடுத்தபோது பக்கத்து மேசைப் பெண் தாளை எடுத்துக் கொடுத்தாள். படித்தாளா என்று தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் முகத்தை இளவரசி பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்பின் ஓட்டையில் பவுனம்மாளின் வாய் மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

பாகூரிலிருந்து யாரும் வரவில்லை. ஏன் என்று இவர்களும் கேட்கவில்லை. சிங்காரவேலு இரண்டு மாதம் வாசலுக்கு வரவில்லை.

மீட்பு வார்டில் சேர்ந்த பத்தாம் நாள், பார்க்க வந்த அமுதம் கணவரிடம் ஊர்ச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் மேல் அருள் வந்ததைப் பற்றித்தான் ஊரில் இன்னும் பேச்சு, ஆஸ்பத்திரிக்குப் போனதுகூட அம்மன் இறங்கிய அசதிக்கு என்றுதான் நினைக்கிறார்கள் என்றாள். பின் தெருப் பவுனம்மாள் அவர் வாக்கை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஆடியில் பக்கத்து ஊர்த் தீமிதிக்கு ராமுவுக்குக் காப்புக் கட்டப் போகிறாள். அமுதம் போன பிறகு சம்மந்தம் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இளவரசி பின் தெருவில், பவுனம்மாள் வீட்டு வாசலில் நின்றாள். பையில் அவள் கையால் நிரப்பிய ஒரு வருமானச் சான்று விண்ணப்பம் இருந்தது, ராமுவின் பெயரில். குழாயடியில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

“சம்மந்தம் பொண்ணா? இன்னா பாப்பா, அப்பா எப்பிடி கீறாரு?” என்று பவுனம்மாள் பாத்திரம் தேய்த்த கையோடு எழுந்து வந்தாள். “வூட்டுக்குள்ள வா. தெருவுல நின்னு இன்னாத்துக்குப் பேசினு.”

“இல்ல அத்த. இங்கயே சொல்லிடறேன்,” என்றாள் இளவரசி. குழாயடிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரல் அன்றைக்கு வரிசையில் எவ்வளவு கேட்டதோ அவ்வளவாவது இன்றைக்குக் கேட்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்பா வார்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, அகட்டி வைத்த கால்களைப் பார்த்துக்கொண்டே கேட்டதை, அவர் சொன்ன சொல்லிலேயே மனத்துக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

“பாப்பா, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆனா அன்னிக்கு எம் மேல வந்தது அம்மன் இல்லன்னு எனக்குத் தெரியும். ஒனக்கும் அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பவுனம்மா பாவம், எம் பேச்ச நம்பினு அந்தப் பையனுக்குக் கட்டிடப் போவுது. நான் போயி சொல்லலாம்னா நடக்கக் காலும் இல்ல, காட்ட மூஞ்சியும் இல்ல. எனக்குப் பதிலா நீ போயி, அது சாராயம் இல்லாத நடுக்கம்னு சொல்லிட்டு வர்றியா?”